புறம்போக்கு: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

உழுது விளைக்கும் நிலத்திற்குத் தமிழில் வயல், கழனி, பழனம், செறு, செய் எனப் பல பெயர்கள் உண்டு. உழாது கிடக்கும் நிலத்திற்கும் பெயர்கள் குறைவல்ல. புறவு, முரம்பு, களர், உவர், பாழ், கரம்பு, தரிசு, புறம்போக்கு என்பன அவற்றுட் சில. முன்னவற்றைப் பற்றி அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். பின்னவை அத்துணைக் கருத்தைப் பெறவில்லை. விளைவில்லாத நிலத்திற்கு வரலாறும் இல்லை என்று எண்ணினர் போலும்.

இவற்றுள் இறுதியிற் கூறிய புறம்போக்கு என்னும் சொல் இன்று இரண்டு இடங்களில் வழங்குகின்றது. ஒன்று வருவாய்த்துறையின் ஏடு, மற்றொன்று வீதி. ஏட்டில் அஃது ஏரியையும் வாய்க்காலையும் நெற்களத்தையும் சுடுகாட்டையும் வண்டிப் பாதையையும் குறிக்கின்றது. வீதியிலோ 'பொறம்போக்கு' எனத் திரிந்து, ஒன்றுக்கும் உதவாதவனைக் குறிக்கும் வசைமொழியாக நிற்கின்றது. ஓர் ஊர் உயிர்வாழ இன்றியமையாத இடங்களையெல்லாம் சுட்டிய சொல், உதவாமையைச் சுட்டும் சொல்லாக மாறியது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழில் உழா நிலம்

சங்கச் செய்யுட்களில் நிலம் வன்புலம் என்றும் மென்புலம் என்றும், பயன் நோக்கிப் புன்புலம் என்றும் வகுத்துப் பேசப்படுகின்றது. இப்பகுப்பில் வன்புலமும் புன்புலமும் பயனற்றவை என்னும் கருத்து இல்லை. வன்புலம் தினையும் வரகும் தந்தது, ஆனிரைக்கு மேய்புலமாயிற்று, தேனும் கிழங்கும் விறகும் அங்கிருந்தே ஊருக்கு வந்தன.

புனம் என்னும் சொல்லோடு அடையாக வரும் இதை, முதை என்னும் இரு சொற்களும் ஈண்டுக் கருதத்தக்கவை. புதிதாகத் திருத்திய கொல்லை இதைப்புனம் எனப்பட்டது. நெடுநாள் உழுது பழகிய கொல்லை முதைப்புனம் எனப்பட்டது. காட்டை வெட்டி உழுவதும், சில ஆண்டுகட்குப் பின் அதனை ஓயவிட்டு வேறிடம் நாடுவதுமாகிய உழவுமுறையை இச்சொற்கள் காட்டுகின்றன. இம்முறையில் உழாமை என்பது நிலத்தின் நிலைத்த இயல்பு அன்று. காலத்தால் வரும் ஒரு நிலையேயாம். இன்று உழப்படாத நிலம் நேற்று உழப்பட்டதாகவோ நாளை உழப்படுவதாகவோ இருக்கலாம். இக்கருத்துப் பின்னர்க் கூறப்படும் கரம்பு என்னும் சொல்லின் வழக்கிலும் தொடர்ந்து வருதலைக் காண்போம்.

உழவுக்கு என்றுமே உதவாத நிலம் களர். திருவள்ளுவர் கல்லாதவரைப் பயன் விளையாத களர்நிலத்தோடு ஒப்பிடுகின்றார் (குறள் 406). புறநானூற்றில் ஓரேருழவர், உரித்த தோலைப் பரப்பினாற் போன்ற நெடிய வெண்களரைப் பாடியுள்ளார் (193). வேட்டுவனுக்கு அஞ்சி மான் ஓடும் இடம் அது. எனினும் அந்நூலிலேயே ஔவையார் பாடல் ஒன்று வேறொரு காட்சியைத் தருகின்றது (311). ஆடை வெளுக்கும் பெண் ஒருத்தி களரில் தோண்டிய கூவலில் நாள்தோறும் துணி வெளுக்கின்றாள். உழவனுக்குக் களராவது அவளுக்குத் தொழிற்களம். உவர்மண் அழுக்கைப் போக்கும் என்பதை நம் ஊர்களில் வண்ணார் அண்மைக் காலம் வரை பயன்படுத்திய முறை கொண்டு அறியலாம். ஆகவே, ஒரு நிலம் பயனுடைத்தா அன்றா என்னும் வினா, யாருக்குப் பயன் என்னும் வினாவோடு பிணைந்தது என்பது இவ்விரு பாடல்களையும் ஒருங்கு நோக்கின் புலனாகும்.

செப்பேடுகளும் கல்வெட்டுக்களும்

சோழர் காலத்துச் செப்பேடுகள் ஓர் ஊரைக் கொடையாக அளிக்குங்கால், அவ்வூரின்கண் உள்ளனவற்றை ஒன்றுவிடாது அடுக்கிக் கூறும் மரபுடையன. நீர்நிலமும் புன்செய்யும் மனையும் மட்டுமேயன்றி, மன்று, கன்றுமேய்பாழ், குளம், புற்று, தெற்றி, ஓடை, உடைப்பு, மீன் பயிலும் பள்ளம், தேன் பயிலும் பொதும்பு ஆகியனவும் அவ்வடுக்கில் இடம்பெறும். உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் அதில் அடங்கும்.

இவ்வடுக்கினுள் 'கன்றுமேய்பாழ்' என்னும் தொடர் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உதவுவது. பாழ் என்பது திராவிட மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பழஞ்சொல். தெலுங்கில் பாடு எனவும் கன்னடத்தில் ஹாளு எனவும் வழங்கும். வெறுமை, அழிவு, குடியின்மை என்பன அதன் பொருள். அத்தகைய சொல்லுக்குக் 'கன்று மேய்கின்ற' என்னும் அடை தந்து வழங்கினர் நம் முன்னோர். ஏர் புகாமையாற் பாழ். கன்று மேய்தலாற் பயன். ஒரு தொடரிலேயே இவ்விரண்டும் முரணின்றி நின்றன.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுக்கள் இன்னும் தெளிவான சான்று தருவன. முதலாம் இராசராசன் (கி. பி. 985–1014) அக்கோயிலுக்கு அளித்த ஊர்களின் கணக்கை அவை விரித்துரைக்கின்றன. ஒவ்வோர் ஊருக்கும் அளந்தபடி உள்ள மொத்த நிலம் முதலிற் கூறப்படும். பின்னர் அதனின்று கழிக்கப்படும் நிலம் கூறப்படும். எஞ்சிய நிலத்திற்கே காணிக்கடன் விதிக்கப்படும். கழிக்கப்படும் பகுதியுள் ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு முதலியன அடங்கும். இவை இறையிலியாய் 'நீங்கு நிலம்' எனக் குறிக்கப்படுகின்றன.

இறையிலி என்னும் சொல் இரு வகையாக வழங்கியதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். தேவதானம், பிரமதேயம் முதலியன, விளைவு உண்டாயினும் அரசன் கொடையால் இறை நீங்கியவை. நத்தமும் குளமும் சுடுகாடும் அவ்வாறல்ல. அவை எவர்க்கும் கொடையாகாமலே, தம் பயன்பாட்டின் இயல்பினால் இறை நீங்கியவை. ஊரார் அனைவரும் பயன் கொள்ளும் இடத்திற்கு எவர்மேல் இறை விதிப்பது? கணக்கெழுதியோர் இதனை உணர்ந்தே அவற்றை அளந்து, எழுதி, பின்னர்க் கழித்தனர். அளவாமல் விட்டுவிட்டனர் அல்லர் என்பது கருதத்தக்கது.

சொல்லமைப்பு

புறம்போக்கு என்பது புறம், போக்கு என்னும் இரு சொற்களாலாயது. இதற்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். ஊருக்குப் புறத்தே கிடக்கும் நிலம் என்பது ஒன்று. கணக்கினின்று புறத்தே போக்கப்பட்ட நிலம் என்பது மற்றொன்று. முன்னது இடம் பற்றியது. பின்னது கணக்குப் பற்றியது.

முதற்பொருள் எளிதாகத் தோன்றினும் பொருந்துமாறில்லை. நத்தம் ஊரின் நடுவில் உள்ளது. கோயிலும் அங்ஙனமே. வாய்க்கால் வயல்களின் ஊடே செல்கின்றது. நெற்களம் வயலை ஒட்டியே அமைவது. இவை யாவும் புறம்போக்கு என்றே எழுதப்படுகின்றன. ஊரின் நடுவிலுள்ளதை ஊருக்குப் புறம்பானது என்று கூறல் இயலாது. ஆகவே, ஈண்டுப் புறம் என்பது ஊரின் புறம் அன்று, இறைக்கணக்கின் புறமேயாம். போக்கு என்பதும் செல்லுதல் என்னும் தன்வினைப் பொருளில் வாராது, நீக்குதல் என்னும் பிறவினைப் பொருளில் வந்ததெனக் கொள்ளலே தகும். சோழர் கல்வெட்டு 'நீங்கு நிலம்' என்றதனையே பிற்காலக் கணக்கர் 'புறம்போக்கு' என்றனர் என்பது எம் கருத்து. சொல் வேறாயினும் கணக்குமுறை ஒன்றே.

இப்பொருள் கொண்டால், புறம்போக்கு என்பது நிலத்தின் தன்மையைக் கூறும் சொல் அன்று என்பது விளங்கும். களர் என்பது மண்ணின் தன்மை. முரம்பு என்பதும் அத்தகையதே. புறம்போக்கோ கணக்கில் ஒரு பத்தி. அப்பத்தியில் நன்செய்யினும் வளமான ஏரி வண்டலும் அடங்கும்; புல் முளையாப் பாறையும் அடங்கும்.

கரம்பும் தரிசும் புறம்போக்கும்

உழா நிலத்தைக் குறிக்கும் பிற சொற்களோடு இதனை ஒப்பிடுதல் நலம். செங்கற்பட்டுப் பகுதியின் ஊர்க்கணக்குகளில் கரம்பு இருவகையாக எழுதப்பட்டது. ஒன்று செய்கால் கரம்பு. மற்றொன்று அனாதி கரம்பு. முன்னர் உழப்பட்டு இப்பொழுது ஓய்ந்து கிடப்பது செய்கால் கரம்பு. நினைவிற்கு எட்டிய காலமுதல் உழப்படாதது அனாதி கரம்பு. இதை, முதை என்னும் சங்கச் சொற்களில் நாம் கண்ட காலக்கணிப்பு இங்கும் தொடர்கின்றது. நிலம் கிடக்கும் கிடையை மட்டும் பாராது, அதன் கடந்த காலத்தையும் கணக்கர் எழுதினர்.

தரிசு என்பது பயிரிடத்தக்கதாயினும் பயிரிடப்படாத நிலம். வருவாய்த்துறை வழக்கில் அது தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என இருபாற்படும். எவரேனும் உழ முன்வரின் தரிசு வயலாகும். அதற்கு எதிர்காலம் உழவே. புறம்போக்கு அவ்வாறன்று. ஏரியை உழுதல் கூடாது. சுடுகாட்டை உழுதல் தகாது. தரிசு உழவை எதிர்நோக்கி நிற்கும் நிலம். புறம்போக்கு உழவினின்று காக்கப்பட்ட நிலம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே பின்வந்த பிழைகளுக்கெல்லாம் தோற்றுவாய்.

ஆங்கிலேயர் ஏடுகளில்

ஆர்க்காட்டு நவாபு 1763இல் செங்கற்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக அளித்தார். அதன்பின் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அப்பகுதியின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து விவரம் தொகுத்தார். ஊர்க்கணக்கர் வைத்திருந்த ஓலைக் கணக்குகளே இத்தகைய தொகுப்புக்களுக்கு அடிப்படை. 1816இல் எல்லீசு துரை மிராசு உரிமையைப் பற்றி எழுதிய விடைகளும் கரம்பு, புறம்போக்கு முதலிய சொற்களின் வழக்கை அறியத் துணைசெய்வன. 1855இல் வெளிவந்த வில்சனின் வருவாய்ச் சொற்றொகுதியிலும் புறம்போக்கு இடம்பெற்றது. எனவே, ஆங்கிலேயர் இச்சொல்லை அறியாமல் எடுத்தாண்டனர் என்று கூறுதல் பொருந்தாது. நன்கு அறிந்தே எடுத்தாண்டனர். மாறியது சொல்லைச் சூழ்ந்த முறையே.

இரயத்துவாரி முறையில் ஒவ்வொரு வயலுக்கும் எண் இட்டு, உரியவர் பெயருக்குப் பட்டா அளித்தனர். பட்டா உள்ளது குடியானவனுக்கு உரியது. பட்டா இல்லாதது எவர்க்கு உரியது? ஊருக்கு என்னும் விடைக்கு அம்முறையில் இடமில்லை. ஊர் என்பது பட்டா பெறும் ஆள் அன்று. எனவே எஞ்சியது அரசுக்கு உரியதாயிற்று. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதனை வெளிப்படையாகவே கூறிற்று. சாலைகளும் ஆறுகளும் ஏரிகளும், பிறர்க்கு உரிமை நிறுவப்படாத நிலங்கள் யாவும் அரசின் உடைமை என்பது அதன் கோட்பாடு. 1948ஆம் ஆண்டின் எஸ்டேட்டு ஒழிப்புச் சட்டத்தின்வழி, ஜமீன் பகுதிகளின் பொதுநிலங்களும் புறம்போக்குக்களும் அரசைச் சேர்ந்தன.

இங்குதான் பொருள்மாற்றத்தின் முதற்படி நிகழ்கின்றது. 'இறையற்றது' என்னும் பொருள் 'உடையவரற்றது' என்றாயிற்று. சோழர் கணக்கில் இறை இல்லாமைக்குக் காரணம் உடையவர் இல்லாமை அன்று, உடையவர் பலராயிருந்தமையே. புதிய ஏட்டில் பலர் உடைமை என்பது ஒருவர்க்கும் உடைமை அன்று என்றாயிற்று.

இரண்டாம் படி மொழிபெயர்ப்பால் விளைந்தது. கரம்பு, தரிசு, பாழ் ஆகிய அனைத்திற்கும், சில வேளைகளில் புறம்போக்கிற்கும், ஆங்கில அலுவலர் 'வேஸ்ட்' என்னும் ஒரே சொல்லைக் கையாண்டனர். அச்சொல்லும் இங்கிலாந்தின் பழைய வழக்கில், ஊரார் ஆடுமாடு மேய்த்த உழாப் பொதுநிலத்தையே குறித்தது. ஆயின் வீண் என்னும் பொருளும் அதற்கு உண்டு. அப்பொருளே இங்கு மேலோங்கிற்று. தீர்வை தாராத நிலம், நட்டத்தை உண்டாக்கும் நிலமாகக் கருதப்பட்டது. இவ்வாறு 'உடையவரற்றது' என்பது 'பயனற்றது' என்றாயிற்று.

உழா நிலமும் உழுவார் உரிமையும்

பழைய முறையில் பொதுநிலம் எல்லார்க்கும் ஒப்பப் பொதுவாயிருந்தது என்று கொள்ளுதல் வரலாற்றுக்கு முரணாகும். தஞ்சைக் கல்வெட்டுக்களில் பறைச்சேரி தனியே பிரித்தெழுதப்பட்டிருத்தலே ஊரின் ஏற்றத்தாழ்வைக் காட்டும். செங்கற்பட்டுப் பகுதியில் தரிசு நிலத்தின்மேலும் மிராசுதாரர் முன்னுரிமை கொண்டாடினர். நிலமற்ற உழைப்பாளி ஒருவர் தரிசு நிலம் கேட்டுத் தரக்காஸ்து மனு அளிப்பின், மிராசுதாரர் தம் முன்னுரிமையைக் காட்டித் தடுக்க இயன்றது. உழ ஆளும் உண்டு, உழா நிலமும் உண்டு, இரண்டும் சேரவில்லை.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய திரெமென்கீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கை இதனை எடுத்துக்காட்டிற்று. 1892இல் அரசு அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க முடிவு செய்தது. பிறர்க்குக் கைம்மாறுதல் கூடாதென்னும் கட்டுப்பாட்டோடு அளிக்கப்பட்ட அந்நிலங்களே இன்று பஞ்சமி நிலம் என வழங்கப்படுகின்றன. உழா நிலம் ஒரு சமூகத்தாரின் விடுதலைக்கு வழியாகக் கருதப்பட்டமை இதனால் அறியப்படும்.

1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், வேறிடம் இன்றிப் புறம்போக்கிற் குடிசையிட்டு வாழ்ந்தோர் ஆக்கிரமிப்பாளர் எனப் பெயர் பெற்றனர். அவர்கட்குத் தண்டத்தீர்வை விதித்து அளிக்கப்படும் அறிவிப்பு 'பி மெமோ' என மக்கள் வழக்கில் நின்றது. குற்றத்தைச் சுட்டும் அத்தாளையே, தாம் அவ்விடத்தில் வாழ்ந்தமைக்குச் சான்றாகப் பலர் பெட்டியில் வைத்துப் போற்றினர். ஊர்நத்தத்தைப் பொறுத்தவரை, அது குடியிருப்போர்க்கு உரியதேயன்றி அரசின் உடைமையாகாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புக்களிற் கூறியுள்ளது. ஆயிரம் ஆண்டுகட்கு முன் இறை நீங்கிய நிலங்களுள் முதலாவதாக எழுதப்பட்ட நத்தம், தன் பழைய தன்மையை ஓரளவு மீட்டுக்கொண்டது எனலாம்.

அண்மைக் கால வழக்கு

பயனற்றது என்னும் பொருள் நிலைத்தபின் நிலத்திற்கு நேர்ந்தவை பலரும் அறிந்தவை. மேய்ச்சல் நிலம் மனையாயிற்று. வாய்க்கால் தூர்ந்து வீதியாயிற்று. ஏரியின் உட்பரப்பில் கட்டடங்கள் எழுந்தன. சென்னையை அடுத்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், மழைநீரைத் தாங்கிக் கடலுக்கு மெல்ல விடுக்கும் வடிகால். அதனைப் பாழ்நிலமாகக் கருதி நகரின் குப்பையைப் பல்லாண்டுகள் அதன்கண் கொட்டினர். அச்சதுப்பு நிலமே 2022இல் உலக அளவில் முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. நிலம் மாறவில்லை, அதனைக் குறித்த சொல்லின் பொருளே மாறிற்று.

தமிழ்நாட்டில் 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய உச்சநீதிமன்றம் பஞ்சாபு மாநில வழக்கொன்றில் ஊர்ப்பொதுநிலங்களைக் காக்குமாறு எல்லா மாநிலங்கட்கும் ஆணையிட்டது. அத்தீர்ப்பில் பொதுநிலத்தைக் குறிக்கும் பல மாநிலச் சொற்களோடு மந்தைவெளி, புறம்போக்கு என்னும் இரு தமிழ்ச் சொற்களும் எடுத்தாளப்பட்டுள்ளன. மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளி இன்று மாடுகள் மந்தையாய் நிற்க இடமில்லாத நகர்ப்பகுதி. எனினும் நாட்டின் உயர்ந்த மன்றம் பொதுநிலம் என்னும் கருத்தை விளக்க அப்பெயரை நாடிற்று. நிலமற்ற உழைப்பாளர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் அரசு முன்னரே அளித்த உரிமையையும், பள்ளி முதலிய பொதுப்பயன்களையும் அத்தீர்ப்பு விலக்காகக் கருத இடந்தந்தது. பொதுநிலம் காத்தலும் நிலமற்றார்க்கு இடமளித்தலும் ஒன்றையொன்று மறுக்கவேண்டியவை அல்ல என்பதற்கு இது குறிப்பாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், புறம்போக்கு என்னும் சொல் மூன்று நிலைகளைக் கடந்து வந்தமை தெளியலாம். முதற்கண் அஃது இறைக்கணக்கினின்று நீக்கப்பட்ட பொதுநிலத்தைக் குறித்தது. இரண்டாவதாக, உடையவர் இல்லாத நிலத்தைக் குறித்தது. மூன்றாவதாக, பயன் இல்லாத நிலத்தைக் குறித்தது. இறையின்மையும் உடைமையின்மையும் பயனின்மையும் வேறு வேறு. ஒன்றினின்று மற்றொன்று தானே பிறப்பதன்று. ஏடும் சட்டமும் மொழிபெயர்ப்பும் அவற்றைப் பிணைத்தன.

வசைமொழி இம்மூன்றாம் நிலையினின்று பிறந்ததே. 'பொறம்போக்கு' என ஒருவனை வைவோர், அவன் எவர் கணக்கிலும் சேராதவன், உடையவரில்லாதவன், உதவாதவன் என்னும் மூன்று பொருளையும் ஒருங்கே கருதுகின்றனர். புறம்போக்கிற் குடியிருந்தோரை நோக்கி அச்சொல் வீசப்பட்டதையும் நாம் மறத்தற்கில்லை. நிலத்தின்மேல் ஏற்றிய இழிவு, அந்நிலத்தில் வாழ்ந்தோர்மேலும் ஏறிற்று.

சொல்லின் பழம்பொருளை மீட்டலால் மட்டும் தூர்ந்த ஏரி மீளாது. ஆயினும் ஓர் ஊரின் அ-பதிவேட்டைப் புரட்டுவோர், 'புறம்போக்கு' என எழுதப்பட்ட வரியைக் கண்டு, இஃது எவர்க்கும் உரியதன்று என்று கடந்து செல்லாமல், இஃது எவரெவர்க்கு உரியதாயிருந்தது என வினவுவாராயின் அது நன்று. கன்று மேய்ந்தமையால் பாழையும் பயனுடைத்தென எழுதிவைத்த கணக்கர், அவ்வினாவிற்குரிய விடையையும் நமக்கு எழுதியே சென்றுள்ளனர்.